புகலிடம் கோருவோருக்கு உங்கள் தொழில் எப்படி உதவும்: பிரிட்டனில் தன்னார்வப் பணிக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

முதன்முதலாக வாய்மொழிபெயர்ப்புக்கு உட்கார்ந்த நாளில் நான் ஒரு பிழை செய்தேன். வவுனியாவிலிருந்து வந்திருந்த இளைஞர், 'ஒரு கிழமை காம்பில் வைத்திருந்தார்கள்' என்றார். நான் மதுரைக்காரன். என் காதுக்குக் கிழமை என்றால் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமைதான். ஆகவே 'ஒரு நாள்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஈழத் தமிழில் கிழமை என்பது வாரம். ஏழு நாள் காவல் என் வாயில் ஒரு நாளாகச் சுருங்கிப் போயிற்று.

நல்லவேளையாக அது ஒரு தொண்டு நிறுவனத்தில் நடந்த அறிமுகச் சந்திப்பு. பக்கத்தில் இருந்த மூத்த ஊழியர், 'ஒரே நாளில் இத்தனையும் நடந்ததா?' என்று திரும்பக் கேட்டதால் அங்கேயே திருத்திக்கொண்டோம். உள்துறை அமைச்சகத்தின் நேர்காணலில் இது நடந்திருந்தால், 'முதலில் ஒரு நாள் என்றவர் பிறகு ஒரு வாரம் என்கிறார்' என்று மறுப்புக் கடிதத்தில் ஒரு பத்தி கூடியிருக்கும். அன்று என்னிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது வேலையறிவு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், கணக்காளர், கணினித் துறையினர் எனப் பிரிட்டனில் வேலை செய்யும் தமிழர்கள் பலர், 'அகதிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?' என்று கேட்கிறார்கள். நான் எழுதுவது பெரும்பாலும் இங்கிலாந்து நடைமுறை. ஸ்காட்லாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் சில விதிகள் மாறும்.

முதல் படி: எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வழக்கமாக வழிகாட்டிகள் இதைக் கடைசியில் வைக்கும். நான் முதலில் வைக்கக் காரணம், இந்த நாட்டில் தகுதியில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தின்படி சொலிசிட்டர், பாரிஸ்டர் போன்ற தொழில்முறை உரிமம் பெற்றவர்களும், குடிவரவு ஆலோசனைக்கான ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தவர்களும் மட்டுமே அதைச் செய்யலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'நான் காசு வாங்கவில்லையே' என்று சொல்லித் தப்ப முடியாது. லாப நோக்கம் இல்லாமல் நடத்தப்படும் சேவைக்கும் சட்டம் பொருந்தும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருபது ஆண்டு வாதாடியவராக இருந்தாலும், கொழும்பில் சட்டத்தரணியாக இருந்தாலும், இங்கே பதிவில்லை என்றால் இந்த விஷயத்தில் அவரும் நானும் ஒன்றுதான்.

எது ஆலோசனை? 'இந்தக் கேள்விக்கு இப்படி எழுது', 'இயக்கத்தில் இருந்த அண்ணனைப் பற்றி இப்போது சொல்லாதே', 'மேல்முறையீடு போடாதே, புதிதாக விண்ணப்பம் போடு' என்பவை எல்லாம் ஆலோசனை. கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுவது ஆலோசனை ஆகாது. சொலிசிட்டர் அலுவலகத்துக்குக் கூடப் போவதும், பதில் தர வேண்டிய கடைசி நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுவதும் அப்படித்தான். அந்த வட்டம் சிறிய உதவி என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டுக்குள் இருப்பவர் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வழக்கமாக 14 நாள்தான் அவகாசம். மறுப்புக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்து, 'யாரிடமாவது காட்டலாம்' என்று பையில் கிடந்தால், பாதி நாள் அப்படியே ஓடிவிடும். கடிதம் கைக்கு வந்தவுடன் தேதியைப் பார்த்து, அன்றே சொலிசிட்டருக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

நம் சமூகத்துக்குள் 'கேஸ் எழுதித் தருகிறேன்' என்று பணம் வாங்கும் பதிவில்லாத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்த கதையைச் சொல்லி, சொந்தக் கதையே நம்பப்படாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஏற்கெனவே ஆலோசகர் இருந்தால், அவர் பெயர் ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலிலோ சொலிசிட்டர்கள் பட்டியலிலோ இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இந்த ஆலோசனை வேலையையே செய்ய விரும்பினால் அதற்கும் வழி உண்டு. ஒழுங்குமுறை ஆணையத்தின் தகுதி நிலைகள் மூன்று. புகலிட வழக்கைக் கையாள இரண்டாம் நிலையாவது வேண்டும். தீர்ப்பாயத்தில் நின்று வாதாட மூன்றாம் நிலை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்கள் சில, தன்னார்வலர்களைப் படிக்க வைத்து இந்தப் பாதையில் ஏற்றிவிடுகின்றன. வார இறுதியில் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை, ஆனால் உரிய பொறுமை இருந்தால் மிகவும் பயனுள்ள பாதை.

இரண்டாம் படி: அவர்கள் நடக்கும் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

புகலிடம் கேட்டவுடன் முதலில் ஒரு பதிவு நேர்காணல். யார், எந்த வழியாக வந்தார், ஏன் திரும்ப முடியாது என்று சுருக்கமாகக் கேட்பார்கள். கைரேகை எடுத்து ஓர் அடையாள அட்டை கொடுப்பார்கள். பிறகு காத்திருப்பு, மாதங்களாகலாம், ஆண்டுகளாகலாம். அதன்பின் பெரிய நேர்காணல், பல மணி நேரம் நடக்கும். முதல் நேர்காணலில் களைப்பில் சொன்ன இரண்டு வரியையும், பெரிய நேர்காணலில் சொன்ன நாற்பது பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். நம்பகத்தன்மை என்ற ஒற்றைச் சொல்லில்தான் பெரும்பாலான வழக்குகள் நிற்கின்றன அல்லது விழுகின்றன.

காத்திருக்கும் காலத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஓராண்டுக்கு மேல் முடிவு வராமலிருந்து, தாமதம் அவர் தவறால் ஏற்படவில்லை என்றால் அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் அரசு அனுமதிக்கும் குறிப்பிட்ட தொழில்கள் மட்டுமே. தங்க வீடும், அரசு கொடுக்கும் ஆஸ்பென் அட்டையில் வாரப் பணமும் வரும். 2024இல் நிர்ணயித்த தொகை ஆளுக்கு வாரம் 49.18 பவுண்ட். சாப்பாடு தரும் ஹோட்டலில் வைத்திருந்தால் பத்து பவுண்டுக்கும் குறைவு. லண்டனில் 2025இல் ஒரு பஸ் பயணத்துக்கு 1.75 பவுண்ட் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 'நாளைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போங்களேன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது, அவருடைய அன்றைய பணத்தில் பாதி. பயணச் செலவை நிறுவனம் கொடுக்குமா என்று நீங்களே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'பாவம், கடையில் நிற்கட்டும், கையில் ஏதாவது கொடுக்கிறேன்' என்பது உதவியாகாது. அனுமதியில்லாமல் வேலை செய்வது அவருக்குக் குற்றம். உங்களுக்கு, 2024 பிப்ரவரிக்குப் பிறகு, முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம். தொண்டு நிறுவனத்தில் அவர் தன்னார்வலராக வேலை செய்யலாம், அதற்குத் தடையில்லை. சும்மா இருந்து மனம் வெதும்புகிறவருக்கு அப்படி ஓர் இடம் காட்டிக் கொடுப்பது நல்ல காரியம்.

மூன்றாம் படி: உங்கள் தொழிலுக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

மருத்துவர்களிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவர்களின் ஒரு பக்க அறிக்கை ஒரு வழக்கையே திருப்பிவிடும். சித்திரவதைக்கு உள்ளானவரின் தழும்புகளையும் மனநிலையையும் ஆராய்ந்து சட்ட மருத்துவ அறிக்கை எழுதும் பணிக்கு ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர், ஹெலன் பாம்பர் அறக்கட்டளை ஆகிய நிறுவனங்கள் பெயர் பெற்றவை. தடுப்பு மையங்களுக்குள் சென்று பார்க்க, மெடிக்கல் ஜஸ்டிஸ் அமைப்பு தன்னார்வ மருத்துவர்களை அனுப்புகிறது. ஹீத்ரோ, காட்விக் விமான நிலையங்களை ஒட்டி அத்தகைய மையங்கள் இருக்கின்றன.

இந்த அறிக்கைக்கு ஒரு மொழி இருக்கிறது. சித்திரவதையை ஆராய்ந்து பதிவு செய்வதற்காக 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை, தழும்புக்கும் சொல்லப்பட்ட காரணத்துக்கும் உள்ள பொருத்தத்தை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இவ்வகைக் காயத்துக்கே உரிய தோற்றம், வேறெதனாலும் வந்திருக்க முடியாது. நல்ல மருத்துவராக இருந்தும் இந்த வரிசை தெரியாதவர், 'பொருந்துகிறது' என்று மட்டும் எழுதிவிட்டால், இதே தழும்பு வேறு பல வழிகளிலும் வந்திருக்கலாம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இதை அழுத்திச் சொல்லத் தமிழர்களுக்குத் தனிக் காரணம் உண்டு. இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகிலும் கையிலும் இருந்த சூட்டுத் தழும்புகள் பற்றிய வழக்கு, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. வேண்டுமென்றே இன்னொருவரை வைத்துப் போட்டுக்கொண்ட சூடாக இருக்கலாம் என்று கீழ் நிலையில் சந்தேகித்தார்கள். 2019 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. புகலிடம் கோருவோர் அப்படிச் செய்ததற்கான சான்று அநேகமாக இல்லவே இல்லை என்றது. தழும்பு எப்படி உண்டானது என்பதோடு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் சொன்ன சூழ்நிலையோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் கூறலாம் என்றது. ஆகவே பயிற்சி முடிக்காமல் அறிக்கை எழுத ஒப்புக்கொள்ளாதீர்கள், வேண்டப்பட்டவர் கேட்டாலும்.

அறிக்கை எழுத நேரமில்லாத மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எளிய வேலை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் யாரும் அடையாளச் சான்றோ முகவரிச் சான்றோ இல்லாமலேயே குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யலாம். வரவேற்பு மேசையில் இருப்பவர்கள் பலருக்கு இது தெரியாது; பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டாக்டர்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் அமைப்பு, தன்னார்வலர்களைக் கொண்டு இத்தகையவர்களைப் பதிவு செய்ய உதவுகிறது. அதற்கும் முன்னால், நீங்கள் வேலை செய்யும் மருத்துவ மையத்தின் வரவேற்பு மேசையைத் திருத்துங்கள். அதற்கு எந்த நிறுவனத்திலும் சேர வேண்டாம்.

வழக்கறிஞர்களுக்கு: பிரிட்டனில் உரிமம் பெற்றிருந்தும் குடிவரவுச் சட்டம் பழகாதவர் என்றால், ஆவணக் கட்டு தயாரிப்பது, நாட்டு நிலவரச் சான்றுகளைத் தேடித் தொகுப்பது போன்றவற்றில் தொடங்குங்கள். தடுப்புக் காவலில் இருப்பவர்களின் ஜாமீனுக்காகவே இயங்கும் ஓர் அமைப்பு உண்டு. பெயர் பெயில் ஃபார் இமிக்ரேஷன் டிடெய்னீஸ். இலங்கையில் பயிற்சி பெற்ற சட்டத்தரணிகளுக்கு வேறு ஒரு மதிப்பு இருக்கிறது. அங்குள்ள நீதவான் நீதிமன்றப் பதிவேட்டை முறைப்படி எடுப்பது எப்படி, பிடியாணை எப்படி இருக்கும் என்பது இங்குள்ள சொலிசிட்டர்களுக்குத் தெரியாது. அந்த அறிவை வழக்கை நடத்தும் சொலிசிட்டர் வழியாகக் கொடுங்கள், நேரடியாகக் கட்சிக்காரரிடம் வேண்டாம்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு இடம் கிடைப்பது எளிது. அரசு செலவிலான ஆங்கில வகுப்பில் சேர, இங்கிலாந்தில் புகலிடம் கோருவோர் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாத இடைவெளியைத் தேவாலய மண்டபங்களிலும் நூலகங்களிலும் தன்னார்வலர்கள்தான் நிரப்புகிறார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: எந்தப் பாடப்புத்தகத்தை எடுத்தாலும் முதல் பாடம் 'என் குடும்பம்', இரண்டாவது 'என் வீடு'. அண்ணன் காணாமல் போனவரிடம் 'உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்?' என்று கேட்டு நிகழ்காலத்தில் பதில் சொல்லச் சொல்வீர்களா? குடும்ப மருத்துவரிடம் தொலைபேசியில் பேசுவது, பள்ளிக்கூடக் கடிதத்தைப் படிப்பது, பஸ் கால அட்டவணை ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கணினித் துறையினருக்கு ஒன்று சொல்வேன்: செயலி எழுதித் தர வேண்டாம். அகதிகளுக்கென்று எழுதப்பட்டு யாரும் திறக்காமல் கிடக்கும் செயலிகள் போதுமான அளவு இருக்கின்றன. தேவைப்படுவது கடவுச்சொல். பலருக்கு மின்னஞ்சலைத் தொலைபேசிக் கடைப் பையன் உருவாக்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவரோடு போயிருக்கும். அகதி நிலை கிடைத்தவர்களின் விசா இப்போது அட்டையில் இல்லை, இணையக் கணக்கில் இருக்கிறது. மின்னஞ்சல் தொலைந்தால், எண் மாறினால், வாடகை வீடு எடுக்கவோ வேலையில் சேரவோ காட்ட எதுவும் இருக்காது. உட்கார்ந்து புதிய மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை அவருடைய கையாலேயே ஒரு தாளில் எழுதவைத்து, அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். உங்களிடம் பிரதி இருக்கக் கூடாது.

கணக்காளர்களைப் பொருளாளராகச் சேர்த்துக்கொள்ளச் சிறிய தொண்டு நிறுவனங்கள் தவம் கிடக்கின்றன. பேராசிரியர்களும் ஆய்வாளர்களும், ஆபத்திலுள்ள கல்வியாளர்களுக்கான காரா அமைப்பைப் பாருங்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட அறிஞர்களுக்காக 1933இல் தொடங்கப்பட்டது, இன்னும் நடக்கிறது. அகதியாக வந்த மருத்துவர்கள் இங்கே மறுபடி பதிவு பெற, சால்ஃபோர்டில் உள்ள ரீச் மையம் பயிற்சி தருகிறது. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வு எழுதித் தேறி வந்த நம் ஊர் மருத்துவர்களைவிட அதற்கு நல்ல பயிற்றுநர்கள் யார்? வேலை தேடும் கட்டத்துக்கு வந்துவிட்ட அகதிகளுக்கு, அலுவலகப் பணியாளர்களை வைத்துப் பயிற்சி தரும் பிரேக்கிங் பேரியர்ஸ் இருக்கிறது. ஊரளவில் எதுவும் தெரியவில்லை என்றால், 2005இல் ஷெஃபீல்டில் தோன்றிய சிட்டி ஆஃப் சாங்சுவரி இயக்கத்தின் உள்ளூர்க் குழுவைத் தேடுங்கள். கிழக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது.

நான்காம் படி: சேருவதற்கான தாள்கள்

விண்ணப்பம், இரண்டு பேரின் பரிந்துரை, குற்றப் பின்னணிச் சோதனை, ஒருநாள் பயிற்சி. பாதுகாப்புத் தேவைப்படுவோருடன் வேலை செய்யும் தன்னார்வலர்களுக்கான விரிவான சோதனைக்கு அரசுக் கட்டணம் இல்லை. எல்லாம் முடிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். இந்தத் தாமதத்தில் எரிச்சல்பட்டுப் பாதியில் விடுகிறவர்கள் நிறைய. எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்ற கேள்விக்கு அடக்கமாகப் பதில் சொல்லுங்கள். வாரம் இரண்டு மணி நேரம், ஓராண்டுக்கு என்பது நல்ல பதில்.

ஐந்தாம் படி: மொழிபெயர்ப்பு

உங்கள் தொழில் எதுவாக இருந்தாலும், தமிழ் தெரியும் என்று தெரிந்த மறுநாளே மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். ஆகவே இந்தப் பகுதி எல்லோருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் முதலில் ஈழத் தமிழைக் கேட்டுப் பழகுங்கள். கிழமையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். 'பின்னேரம்' என்றால் மாலை. 'வடிவாகத் தெரியும்' என்றால் நன்றாகத் தெரியும். 'கதைத்தார்கள்' என்றால் கதை விட்டார்கள் என்று பொருள் இல்லை, பேசினார்கள். 'இயக்கம்' என்பது பெரும்பாலும் விடுதலைப் புலிகள், ஆனால் வேறு இயக்கங்களும் இருந்தன. 'காம்ப்' என்பது ராணுவ முகாமாகவும் இருக்கலாம், இடம்பெயர்ந்தோர் முகாமாகவும் இருக்கலாம், 2009க்குப் பிந்தைய புனர்வாழ்வு முகாமாகவும் இருக்கலாம். 'நாலாம் மாடி' என்பது கட்டடத்தின் தளம் மட்டும் இல்லை. கொழும்பில் குற்றப் புலனாய்வுத் துறையின் விசாரணை இடத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். 'சைன் வைக்கப் போனேன்' என்றால் ராணுவத்திடமோ போலீஸிடமோ போய்க் கையெழுத்திட்டு வருவது.

உறவுச் சொற்கள் எல்லாத் தமிழர்களுக்கும் பொதுவான பொறி. பெரியப்பா மகனும் அண்ணன்தான், கூடப் பிறந்தவனும் அண்ணன்தான், தெருவில் மூத்தவனும் அண்ணன்தான். ஆங்கிலத்தில் மூவரும் ஒரே சொல்லாகப் போய், 'பதிவு நேர்காணலில் ஒரு சகோதரர் என்றீர்கள், இப்போது மூன்று பேர் வருகிறார்களே?' என்ற கேள்வி எழும். மாமா, மச்சான் இன்னும் மோசம். இங்கே நீங்களாக ஊகிக்கக் கூடாது, நீங்களாக அவரிடம் விசாரிக்கவும் கூடாது. கேள்வி கேட்பவரிடம், 'இந்தச் சொல் தமிழில் கூடப் பிறந்தவரையும் குறிக்கும், பெரியப்பா மகனையும் குறிக்கும். எது என்று கேட்கலாமா?' என்று சொல்லுங்கள்.

தேதியும் அப்படித்தான். 'நல்லூர்த் திருவிழா நேரம்', 'பெரிய இடப்பெயர்வுக்குப் பிறகு', 'மாவீரர் நாளுக்கு இரண்டு நாள் முன்' என்றுதான் பலருக்கு நினைவு நிற்கும். அதை நீங்கள் மனதுக்குள் கணக்குப் போட்டு ஆகஸ்ட், அக்டோபர், நவம்பர் 25 என்று மாற்றிக் கொடுக்காதீர்கள். சொன்னதை அப்படியே சொல்லுங்கள். யாராவது விளக்கம் கேட்டால், யாழ்ப்பாணத்தின் பெரிய இடப்பெயர்வு 1995 அக்டோபர் இறுதியில் நடந்தது என்பது போன்ற பொதுத் தகவலைத் தனியாகச் சொல்லலாம்.

பாலியல் வன்முறையைப் பற்றிப் பேசும்போது தமிழர்கள் பூசி மெழுகுவார்கள், பெண்களும் ஆண்களும். 'அசிங்கமாக நடந்துகொண்டார்கள்' என்பதோடு வாக்கியம் முடிந்துவிடும். அதை மேலும் மென்மையாக்குவதும் தவறு, என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக் கடுமையான சொல்லைப் போடுவதும் தவறு. அந்தத் தெளிவின்மையோடே மொழிபெயர்த்து, தமிழில் அது மறைமுகமான சொல் என்று கேட்பவருக்குக் குறிப்புச் சொல்லுங்கள். ஒரு பெண்ணுக்கு ஆண் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தால், அவர் அந்த வாக்கியத்தைத் தொடங்கவே மாட்டார். அப்படித் தோன்றும்போது நானே எழுந்து, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். நேர்காணலுக்கும் அதேபோல, தன் விருப்பப்படி ஆண் அல்லது பெண் அதிகாரியையும் மொழிபெயர்ப்பாளரையும் அவர் முன்கூட்டிக் கேட்கலாம்.

எழுத்து மொழிபெயர்ப்பு கொஞ்சம் நிம்மதியான வேலை. பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், போலீஸ் முறைப்பாட்டின் பிரதி, காணாமல் போனவர் பற்றிய மனு ஆகியவைதான் பெரும்பாலும் வரும். முடிவில், இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, உங்கள் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். முத்திரையையும் மொழிபெயருங்கள். வாசிக்க முடியாத இடத்தில் 'தெளிவாக இல்லை' என்று எழுதுங்கள். மூலத்தில் ஆண்டு தவறாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தாலும் திருத்தாதீர்கள். சொலிசிட்டருக்குத் தனியே எழுதுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உங்கள் விருப்பப்படி எழுதாமல், அடையாள அட்டையிலோ பாஸ்போர்ட்டிலோ உள்ளபடி எழுதுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர் முன்னால் வரும் என்பதை இங்குள்ளவர்களுக்கு ஒரு வரிக் குறிப்பில் விளக்கிவிட்டால், பிற்பாடு பல குழப்பங்கள் தீரும். இடையில் சிங்களப் பத்தி வந்தால், தெரிந்த வரை சமாளிக்காமல் சிங்களம் தெரிந்தவரிடம் அனுப்புங்கள்.

ஆறாம் படி: முதல் சந்திப்பு

தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி 'எந்த ஊர்?' என்பதுதான். அடுத்தது 'அங்கே எந்தப் பக்கம்?'. நமக்கு அது அன்பு. புகலிடம் கேட்டிருப்பவருக்கு அது விசாரணை. தான் இங்கே இருப்பது ஊரில் யாருக்குத் தெரியவரும், யார் யாரிடம் சொல்வார்கள், அங்கே இருக்கும் அம்மாவின் வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று அவர் மனம் ஓடும். 'எந்தப் பக்கம்' என்பதற்குள் சாதிக் கேள்வி ஒளிந்திருப்பதும் அவருக்குத் தெரியும். எனவே ஊர் கேட்காதீர்கள். உங்கள் பெயர், உங்கள் வேலை, இங்கே பேசுவது வெளியே போகாது என்பது, ஆனால் ஓர் உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் பொறுப்பாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பது, இவ்வளவும் சொன்னால் போதும்.

அவருடைய கதையையும் கேட்காதீர்கள். ஆங்கில வகுப்புக்கோ கடவுச்சொல் மாற்றவோ அது தேவையில்லை. அவராகச் சொன்னால் கேளுங்கள், குறிப்பு எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை சற்று மாறும். நினைவின் இயல்பு அது. நீங்கள் அக்கறையோடு எழுதி வைத்த ஒரு பக்கம் வழக்கில் வந்து நேர்காணல் பதிவோடு முரண்பட்டால், அடி அவருக்குத்தான். ஆவணங்களைத் தனிப்பட்ட வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். படம் எடுக்கவே எடுக்காதீர்கள், பொங்கல் விழாக் கூட்டப் படத்தில் பின்வரிசையில் நின்றாலும்கூட.

பணம் கடன் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை இருபது பவுண்ட் கொடுத்தேன். அதைத் திருப்பித் தர முடியாத வெட்கத்தில் அவர் இரண்டு மாதம் வகுப்புக்கே வரவில்லை. தேவை இருக்கிறது என்று தெரிந்தால் நிறுவனத்தின் அவசர நிதியைக் கேளுங்கள். தேநீர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள்.

ஏழாம் படி: உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், முறையாக விலகுங்கள்

கேட்பவர்களுக்கும் காயம் படும். எனக்கு அது வீட்டில் சின்ன விஷயத்துக்குச் சத்தம் போடுவதாக வந்தது. மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார். நல்ல நிறுவனங்கள் தன்னார்வலர்களுக்கென்று மாதம் ஒருமுறை பேச இடம் வைத்திருக்கும். நேர்முகத்திலேயே அதைப் பற்றிக் கேளுங்கள். இல்லை என்றால் வேறு நிறுவனம் பாருங்கள், குறிப்பாக மொழிபெயர்ப்புக்கும் மனநல வேலைக்கும் போகிறவர்கள்.

நிறுத்த வேண்டிய நாளும் வரும். வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஊர் மாறுவீர்கள். அவர்களின் வாழ்க்கையில் ஆட்கள் சொல்லாமல் மறைந்துபோவது ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது. ஆகவே நேரில் சொல்லுங்கள், அடுத்து வருபவரை அறிமுகப்படுத்துங்கள், கணினியில் இருக்கும் கோப்புகளை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு அழித்துவிடுங்கள். குறைந்தது நான்கு கிழமைக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணக் கணக்கில்.